14. பின்சீட்டு நனைந்த ஞாயிறு

"எடுத்துட்டுப் போடா. எனக்கு எதுக்கு கார்?" என்று போன வாரம் பெரிய மனசோடு சொல்லிப் போனை வைத்தாரே லாண்டரிக்காரர், அதற்கப்புறம் ஏழு நாளும் அவருக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை.

சொன்னது அவர்தான். யாரும் கழுத்தைப் பிடித்துச் சொல்ல வைக்கவில்லை. இடது கண்ணில் ஆபரேஷன் ஆனதும் இனி வண்டி ஓட்டக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லி எட்டு மாதம் ஆகிறது. மருமகளுக்கு ஓர் அச்சகத்தில் புது வேலை கிடைத்திருக்கிறது. பஸ் எட்டிப் பார்க்காத இடம். திங்கட்கிழமை காலையில் சேர வேண்டும். ஓட்ட ஆளில்லாமல் நிற்கிற காரைக் கொடுத்தால் என்ன குறைந்துவிடப் போகிறது?

குறையத்தான் போகிறது. அதை அவர் மகனிடம் சொல்லவில்லை.

கார் அப்படியே நின்றால் பேட்டரி செத்துவிடும் என்று ஞாயிற்றுக்கிழமைதோறும் மகன் இரண்டு மணி நேரம் பஸ்ஸில் இடிபட்டு வருவான். அப்பாவைப் பக்கத்தில் உட்கார வைத்து அரை மணி நேரம் ஊரைச் சுற்றுவான். பிறகு சாப்பாடு, ஹாலில் ஒரு குட்டித் தூக்கம், சாயங்கால பஸ். மகளின் பிரசவத்துக்கென்று வெளிநாடு போன மனைவி, மூன்றே மாதம் என்று சொல்லிப் போனவள், இரண்டு வருஷமாக அங்கேயே இருக்கிறாள். மகன் இருப்பதோ ஒரே அறை உள்ள வாடகை வீடு. ஆக, லாண்டரிக்காரர் வீட்டில் இன்னொரு மனிதக் குரல் கேட்பது வாரத்தில் ஒரு நாள். கார் போனால் அதுவும் போச்சு.

ஞாயிற்றுக்கிழமை காலை எட்டரை மணிக்கு மகன் வந்தான். லிஃப்ட் மெக்கானிக். கையில் வழக்கமான பையோடு, சக்கரம் வைத்த ஒரு பெரிய டப்பாவையும் இழுத்துக்கொண்டு வந்தான். டப்பாவின் கழுத்திலிருந்து நீளமான குழாய் தொங்கியது.

"என்னடா இது, தும்பிக்கையோட வந்து நிக்கிறே?"

"லிஃப்ட் குழியில மழைத்தண்ணி தேங்கினா உறிஞ்சற மெஷின்பா. கம்பெனியில கேட்டு வாங்கிட்டு வந்தேன். கண்டக்டர் இதுக்கும் டிக்கெட் எடுன்னு ஒரே சண்டை. சரி, நாலு மணிக்குள்ள சீட்டையெல்லாம் கழுவிக் காய வெச்சுக் கிளம்பணும்."

"வந்து காலைக்கூட கழுவல, அதுக்குள்ள கிளம்பற பேச்சா?"

மகன் சிரித்தான். லாண்டரிக்காரர் சிரிக்கவில்லை.

ஷெட்டைத் திறந்து கார்க் கதவைத் திறந்ததும் மகன் மூக்கைப் பிடித்துக்கொண்டான். மூன்று வாரத்துக்கு முன்னால் பின்பக்கக் கண்ணாடியை ஒரு விரற்கடை இறக்கி வைத்துவிட்டுப் போயிருந்தான். அன்று ராத்திரி பெய்த மழையில் ஷெட் கூரை ஒழுகி, சீட்டு நனைந்து, மூடிய வண்டிக்குள் ஒரு வாரம் கிடந்து நாற்றம் பிடித்துவிட்டது.

"கழுவாம எடுத்துட்டு வந்தா நீங்களும் காரும் வெளியிலயே படுத்துக்கோங்கன்னு உங்க மருமக சொல்லிட்டா."

"நல்லவேளை, கடையில குடுக்கலாம்னு சொல்லாம விட்டே. முப்பத்தொரு வருஷம் ஆஸ்பத்திரி லாண்டரியில இருந்தவன் வீட்டுலயே இருக்கறப்போ!" என்று லாண்டரிக்காரர் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டார்.

அந்தத் தெருவில் அவருடைய பெயர் யாருக்கும் ஞாபகமில்லை. பால் போடுகிறவர் முதல் எதிர்வீட்டுக் குழந்தை வரை எல்லோருக்கும் அவர் லாண்டரிக்காரர்தான். நானூறு படுக்கை உள்ள ஆஸ்பத்திரியின் போர்வை, திரை, தலையணை எல்லாம் அவர் கைக்கு வந்து போனவை. கடைசிப் பன்னிரண்டு வருஷம் அங்கே சூப்பர்வைசர். அவர் இருந்தவரை யாரும் ஒரு கறையை 'போகாது' என்று சொல்லித் தப்பித்ததில்லை.

காரை வெயிலுக்குத் தள்ளினார்கள். தரையிலிருந்த மிதியடிகளை எடுத்து மதில்மேல் போட்டார்கள். மகன் நேரே வாளியைத் தூக்க, அப்பா அவன் கையைத் தட்டிவிட்டார்.

"முதல்ல தூசி போகணும். அப்புறம்தான் ஈரம். மாத்திச் செஞ்சா சேறாயிடும்."

காய்ந்த பிரஷ்ஷால் தையல் ஓரமெல்லாம் தேய்த்து மெஷினால் இழுத்தார்கள். சீட்டுக்கும் சாய்மானத்துக்கும் நடுவில் கை விட்டதில் இரண்டு கொண்டை ஊசி, ஒரு பேனா மூடி, மகன் இரண்டு மாதமாகத் தேடிக்கொண்டிருந்த இயர்போனில் ஒரு பக்கம் எல்லாம் வந்தன.

"இதைக் காணோம்னு அவமேல எரிஞ்சு விழுந்தேன்பா."

"போனதும் முதல் வேலையா மன்னிப்புக் கேளு."

"நீங்க அம்மாகிட்ட என்னிக்காவது கேட்டிருக்கீங்களா?"

"தப்பு செஞ்சாத்தானே கேக்கறதுக்கு," என்றார் லாண்டரிக்காரர், கொஞ்சமும் கூசாமல்.

பிறகு தூசி போன சீட்டில் சோடா உப்பைத் தூவி, நாற்றத்தை இழுக்கட்டும் என்று அரை மணி நேரம் விட்டு, அதையும் மெஷினில் இழுத்தார்கள். வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு கரண்டி சோப்புத் திரவம் விட்டு, கையாலேயே அடித்து நுரை எழுப்பினார் லாண்டரிக்காரர். பிரஷ்ஷில் நுரையை மட்டும் எடுத்தார். உள்ளங்கை அகலத்துக்குத் தேய்ப்பது, உடனே பிழிந்த துண்டால் ஒற்றி எடுப்பது, அடுத்த உள்ளங்கை அகலத்துக்குப் போவது. அவசரமே இல்லை.

"நுரை மட்டும்தான். தண்ணி கூடாது. துணி குளிக்கலாம், பஞ்சு குளிக்கக் கூடாது. மேல இருக்கிற துணி ரெண்டு மணி நேரத்துல காஞ்சிடும். உள்ள இருக்கிற பஞ்சு குடிச்ச தண்ணியை லேசுல விடாது. ஒருத்தன் புதுசா வேலைக்குச் சேர்ந்தான். என்கிட்ட கேக்காம இருபது தலையணையை மெஷின்ல போட்டுட்டான். ஒரு வாரம் மொட்டைமாடி பூரா தலையணை. அவனை நான் திட்டின திட்டுக்கு..."

"அவன் அழுதுட்டான்னு சொல்லுவீங்க. நூறு தடவை கேட்டாச்சுப்பா."

நூறு தடவை கேட்க ஒருவன் இருக்கிறானே என்று லாண்டரிக்காரருக்கு மனசு நிறைந்திருந்தது. முன்சீட்டு இரண்டும் முடிந்தபோது பதினொன்றரை மணி. நாலு கதவையும் திறந்து வைத்து, வீட்டிலிருந்து ஒயர் இழுத்து, ஸ்டாண்டு ஃபேனைக் காருக்குள் பார்க்கத் திருப்பி வைத்தார்கள். அப்பாவும் மகனும் ஒரே வேலையில் குனிந்து நிமிர்ந்த அந்த மூன்று மணி நேரம் போல ஒரு பொழுது அவருக்கு வாய்த்து எத்தனையோ நாளாயிற்று.

"நான் போய்ச் சாப்பாடு வாங்கிட்டு வந்துடறேன். அதுக்குள்ள பின்சீட்டுக்கு நுரை போட்டு வைங்கப்பா," என்று மகன் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனான்.

லாண்டரிக்காரர் முன்சீட்டில் கை வைத்துப் பார்த்தார். பாதி காய்ந்துவிட்டது. வெயிலும் நல்ல வெயில். இந்தக் கணக்கில் போனால் மூன்றரைக்கெல்லாம் பின்சீட்டும் காய்ந்துவிடும். நாலு மணிக்கு வண்டி கிளம்பிவிடும். அவருடைய கைத்திறமையே அவருக்கு எதிரியாக நின்றது.

பின்கதவருகே வாளி இருந்தது. நுரை அடங்கிப்போய், தெளிந்த தண்ணீர். அதில் ஒரு பிளாஸ்டிக் மக் மிதந்தது.

முதல் மக்கை ஊற்றும்போது, இது தெரியாமல் நடந்துவிட்டது போல ஒரு பாவனை அவருக்கே இருந்தது. இரண்டாவது மக்குக்கு அந்தப் பாவனை இல்லை. சீட்டின் நடுவில், பஞ்சு கனமாக இருக்கிற இடமாகப் பார்த்து, ஒரு சொட்டுக்கூடக் கீழே வழியாமல், மெதுவாக ஊற்றினார். ஏழு மக். பஞ்சு சத்தமில்லாமல் குடித்துக்கொண்டது. முப்பத்தொரு வருஷத் தொழிலில் அவர் எந்தப் பஞ்சுக்கும் செய்யாத துரோகம் அது.

பிறகு மிச்சத் தண்ணீரைச் செடிக்குக் கொட்டிவிட்டு, காலி வாளியைக் காருக்குள் சாய்த்துப் போட்டார்.

பொட்டலத்தோடு வந்த மகன் அப்படியே நின்றுவிட்டான். "என்னப்பா ஆச்சு?"

"பக்கெட் கவுந்துடுச்சுடா. அந்தப் பக்கம் கண்ணு சரியாத் தெரியல."

சொன்ன பிறகுதான் கண்ணை இழுத்திருக்க வேண்டாம் என்று தோன்றியது. மகனின் முகம் சட்டென்று மாறிவிட்டது. வாளியைப் பார்த்தான், சீட்டைப் பார்த்தான், அப்புறம் அப்பாவின் முகத்தைப் பார்த்தான்.

"கண்ணு வலிக்குதா?"

"சே சே, அதெல்லாம் இல்ல."

"நீங்க போய் நிழல்ல உட்காருங்க. நான் பார்த்துக்கறேன்."

அவன் இரண்டு வார்த்தையாவது திட்டியிருந்தால் தேவலையாக இருந்திருக்கும்.

மெஷின் உறும ஆரம்பித்தது. மகன் குழாயைச் சீட்டின்மேல் அங்குமிங்கும் ஓட்டினான். நிழலில் உட்கார்ந்திருந்த லாண்டரிக்காரருக்கு இருப்புக் கொள்ளவில்லை. அரைகுறை வேலையைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க அந்த உடம்புக்குத் தெரியாது.

"ஓட்டாதேடா! ஒரே இடத்துல அழுத்திப் பிடி. தண்ணி மேல ஏறி வரட்டும். அப்புறம் நகர்த்து."

எழுந்தே வந்துவிட்டார். தடித்த துண்டு ஒன்றை நாலாக மடித்து ஈரத்தின்மேல் போட்டு, முழங்காலால் ஏறி அழுத்தினார். துண்டு நனைந்ததும் பிழிந்து மறுபடி போட்டார். இப்படி ஒரு கையால் பள்ளம் வெட்டி மறு கையால் மூடுகிற முட்டாள் நான் ஒருத்தன்தான் இருப்பேன் என்று நினைத்துக்கொண்டார். ஆனாலும் கை நிற்கவில்லை. பொட்டலத்தில் சாப்பாடு ஆறிப்போயிற்று.

இரண்டரை மணிக்கு ஒரு வெள்ளைத் துணியைச் சீட்டில் போட்டு உள்ளங்கையால் அழுத்தினார். எடுத்தபோது கையளவு ஈரம் வட்டமாகத் தெரிந்தது.

"தேறாதுடா," என்றார். குரலில் வருத்தம் வரவழைக்க வேண்டியிருந்தது. "மேல காஞ்ச மாதிரி இருக்கும். உள்ள ஈரம். இப்படியே மூடி எடுத்துட்டுப் போனே, பழைய நாத்தம் திரும்பி வந்துடும். குறைஞ்சது மூணு நாள் காத்தாடணும். வண்டி இங்கயே நிக்கட்டும். அடுத்த ஞாயிறு வந்து எடுத்துக்கோ."

மகன் இடுப்பில் கை வைத்துக்கொண்டு யோசித்தான். பிறகு பையைத் திறந்து ஸ்பானரை எடுத்தான்.

"திங்கக்கிழமை அவ போறது தனியாத்தானே. முன்சீட்டு போதும். பின்சீட்டை மட்டும் கழட்டி வெச்சுடுவோம்."

லாண்டரிக்காரருக்கு இது தோன்றவே இல்லை. துணியும் தண்ணீரும்தான் அவர் உலகம். மகனோ நாள் முழுக்க எதையாவது கழற்றி மாட்டுகிறவன். சீட்டின் முன்விளிம்பைப் பிடித்து வெடுக்கென்று தூக்கினான். கிளிப் இரண்டும் விடுபட்டன. சாய்மானத்துக்கு இரண்டே போல்ட். கால் மணி நேரம் ஆகவில்லை.

அப்பா ஒரு முனை, மகன் ஒரு முனையாகத் தூக்கினார்கள். வாசலில் இடித்தது. சாய்த்து, திருப்பி, "மெள்ள, மெள்ள, கதவு பெயின்ட்டுடா" என்று கத்தி, ஒருவழியாக ஹாலுக்குக் கொண்டு வந்தார்கள். அடியில் காற்றுப் போகட்டும் என்று இரண்டு நாற்காலிமேல் குறுக்காக வைத்தார்கள். மகன் வழக்கமாகக் குறட்டை விடுகிற இடத்தை அது அடைத்துக்கொண்டது. இன்றைக்கு அவன் படுக்கவும் இல்லை. ஆறிய சாப்பாட்டை நின்றபடியே சாப்பிட்டான்.

நாலு மணிக்கு வண்டியைக் கிளப்பினான்.

"வரேம்பா. கண்ணுக்குச் சொட்டு மருந்து விடுங்க. மறக்காதீங்க."

ஒவ்வொரு வாரமும் 'அடுத்த ஞாயிறு பார்க்கலாம்' என்பான். இன்று அதைச் சொல்லவில்லை. சொல்லக் காரணமும் இல்லையே. கார் தெருமுனை திரும்புவதை லாண்டரிக்காரர் நல்ல கண்ணால் பார்த்துக்கொண்டு நின்றார். ஷெட்டுக்குள் எண்ணெய்க் கறையும், வெளியே வாளியும், தும்பிக்கை மெஷின் இழுபட்ட ஈரத்தடமும்தான் மிச்சம். அவருக்கு அழுகை வந்தது. அறுபத்து மூன்று வயசில் ஒரு காருக்காக அழுவதாவது என்று தன்னையே அதட்டிக்கொண்டு உள்ளே போனார்.

உள்ளே போனாலும் அவருக்கு ஒரு சின்ன ஆறுதல் இருந்தது. சீட்டு இங்கே இருக்கிறதே. அதை எடுக்கவாவது அவன் வர வேண்டும்தானே? ஃபேனைப் போட்டுவிட்டு, சீட்டுக்கு எதிரே உட்கார்ந்து டீ குடித்தார்.

ஏழு மணிக்குப் போன் வந்தது.

"வந்து சேர்ந்துட்டேம்பா. வாசனையே இல்லைன்னு அவ சொன்னா. மாமா கை வெச்சா வெச்சதுதான்னா."

"அப்படியா சொன்னா?"

"ஆமாம். அப்புறம் அந்தச் சீட்டு விஷயம். எங்க கம்பெனி வேன் புதன்கிழமை அந்தப் பக்கம் வருது. டிரைவர் வந்து ஏத்திக்குவார். நீங்க தூக்க வேண்டாம். நானும் அதுக்குன்னு அலைய வேண்டாம்."

லாண்டரிக்காரர் சீட்டைத் திரும்பிப் பார்த்தார். "புதனுக்குள்ள காயாதுடா."

"மூணு நாள்னு நீங்கதானே சொன்னீங்க? இன்னிக்கு ஞாயிறு."

"அது... பஞ்சு கொஞ்சம் கனம்."

பாத்திரம் வைக்கிற சத்தமும் மருமகள் யாரிடமோ சிரித்துப் பேசுகிற சத்தமும் அந்தப் பக்கம் கேட்டன. இங்கே ஃபேன் சத்தம் மட்டும்.

"அப்பா, பக்கெட் கவுந்திருந்தா கீழ கார்ப்பெட் நனைஞ்சிருக்கணும். அது சுக்கா காஞ்சிருந்துச்சு."

இதற்கு மேல் பூசி மெழுகுவதில் அர்த்தமில்லை.

"நான்தான்டா ஊத்தினேன்," என்றார். "ஏழு மக்."

"ஏன்பா?"

"காயலேன்னா வண்டியை விட்டுட்டுப் போவேன்னு நினைச்சேன். விட்டுட்டுப் போனா அடுத்த ஞாயிறு வருவே."

"சரி, அடுத்த ஞாயிறு வந்தேன்னே வெச்சுக்குவோம். அதுக்கடுத்த ஞாயிறு என்ன பண்ணுவீங்க? முன்சீட்டுல ஊத்துவீங்களா?"

அவருக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்பு முழுசாக வரவில்லை.

"கேலி இல்லப்பா. சொல்லுங்க. என்ன பண்ணுவீங்க?"

"கேட்பேன்."

"என்னன்னு?"

"வாடான்னு."

"எங்கே, கேளுங்க."

நானூறு படுக்கை ஆஸ்பத்திரியில் நாற்பது பேரை அதட்டி வேலை வாங்கிய வாய்க்கு அந்த ஒரு வார்த்தை வர மறுத்தது. மகன் அவசரப்படுத்தவில்லை.

"வாடா," என்றார் கடைசியில். "வண்டிக்காக இல்ல. சும்மா வா. எனக்கு ரொம்பத் தனியா இருக்குடா."

"வரேம்பா. ஆனா எல்லா ஞாயிறும் முடியாது. அவளுக்கும் இனிமே அன்னிக்கு ஒரு நாள்தான் லீவு. மாசம் ரெண்டு தடவை வரேன். ஒரு தடவை அவளையும் கூட்டிட்டு வரேன். போதுமா?"

"போதாது," என்றார் லாண்டரிக்காரர். "பரவாயில்ல, வா."

இப்போது மகன் வாய்விட்டுச் சிரித்தான். அப்புறம் குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

"இதே மாதிரி அம்மாகிட்டயும் ஒரு தடவை கேட்டிருக்கலாம்பா."

"அவளை எப்படிடா கேக்கறது? அங்க குழந்தை சின்னது..."

"குழந்தையைப் பகல்ல பார்த்துக்கற க்ரெஷ்ல விட ஆரம்பிச்சு நாலு மாசமாச்சு. போன வாரம் அம்மா என்கிட்ட பேசினாங்க. 'எப்போ வர்றேன்னு உங்கப்பா ஒரு தடவைகூடக் கேக்கலடா, நான் இல்லாம நல்லாத்தான் இருக்கார் போல'ன்னாங்க. இன்னொண்ணும் சொன்னாங்க. அதை நான் சொல்ல மாட்டேன். அவங்களே சொல்லட்டும்."

மகன் வைத்துவிட்டான். லாண்டரிக்காரர் நின்ற இடத்திலேயே, ஈரம் என்பதுகூட மறந்து, அந்தச் சீட்டின் ஓரத்தில் உட்கார்ந்தார்.

இரண்டு வருஷமாக நாள் தவறாமல் அவள் போன் செய்கிறாள். நாள் தவறாமல் அவர் சொல்லும் பதில் ஒன்றுதான்: 'நான் நல்லா இருக்கேன், நீ குழந்தையைப் பார்த்துக்கோ.' பெருந்தன்மை என்று நினைத்துச் சொன்னது. அவளுக்குப் போய்ச் சேர்ந்தது வேறாக இருந்திருக்கிறது. நீ தேவையில்லை என்று தினமும் ஒருத்தர் சொன்னால் யார்தான் மூட்டை கட்டிக்கொண்டு திரும்பி வருவார்கள்?

அங்கே இப்போது மணி என்ன என்று கணக்குப் பார்க்காமல் அவரே எண்ணை அழுத்தினார். அவராக அழைப்பது இதுதான் முதல் தடவை. இரண்டாவது மணியிலேயே எடுத்துவிட்டாள்.

"என்னங்க, இந்த நேரத்துல? உடம்புக்கு ஏதாவது...?"

"உடம்பு நல்லா இருக்கு," என்றார். "நான்தான் நல்லா இல்ல."

"இப்படி நீங்க சொல்லணும்னுதான் டிக்கெட் போடாம காத்துட்டிருக்கேன்; உங்க பிள்ளைகிட்டயும் இதைத்தான் சொன்னேன்," என்றாள் அவள்.